விளக்குக் கணக்கில் கிடைத்த வேந்தர் வரலாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலைத் தொடாமல் வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு நற்செயலை நடத்துவது அறக்கட்டளையின் முறை. நம் மண்ணுக்கு இது புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ச்சபையிடம் பொன்னை ஒப்படைத்து, அதன் பொலிசையில் கோயிலில் விளக்கு எரிய வேண்டும், இத்தனை பேருக்குச் சோறிட வேண்டும் என்று நம்மவர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சொன்னது சொன்னபடி நடக்க வேண்டுமே என்ற கவலையில் அதைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். அந்தக் கற்களிலிருந்து ஓர் அரச மரபின் வரலாறு எப்படித் திரண்டு வந்தது என்பதே இன்று என் பேச்சு. எடுத்துக்காட்டுக்குச் சோழர்களை எடுத்துக்கொள்கிறேன். சோழரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கோயில் சுவர்களிலிருந்து வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோயில் சுவரில் எழுத்து வெட்டியவர்களில் பெரும்பாலோர் அரசனின் வரலாற்றை எழுத முனைந்தவர்கள் அல்லர். ஒருவர் ஆடு கொடுத்தார், ஒருவர் நிலம் விற்றார், ஓர் ஊர்ச்சபை நிலத்தை இறையிலியாக்கியது. அவற்றுக்கான ஆவணங்கள்தான் அவை. அரசன் அங்கே தேதி குறிக்கத்தான் வருகிறான். ஆண்டு எண்ணும் பொதுமுறை ஒன்று வழக்கில் இல்லாத இடத்தில், இன்ன அரசனுக்கு இன்ன யாண்டு என்று எழுதினால்தான் ஆவணம் நிற்கும். ஆகவே அரசனைப் போற்ற நினைக்காத எளிய மனிதர்கள்கூடத் தங்கள் கணக்கின் தலைப்பில் அரசன் பெயரை எழுதிவைத்தார்கள். சோழர் வரலாற்றின் முதுகெலும்பு இந்தத் தலைப்புகளால் ஆனது.

ஒரு சாதாரண விளக்குக் கல்வெட்டை வாசித்துப் பார்ப்போம். தொடக்கத்தில் ஸ்வஸ்திஸ்ரீ. அடுத்து அரசனின் பட்டப்பெயர், ஆட்சியாண்டு. அதன்பின் வளநாடு, நாடு, ஊர், இறைவனின் பெயர். கொடையாளி யார், எந்த ஊர், யாருடைய மகன் அல்லது மனைவி என்ற விவரம். ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96. இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடாவதும் சாவதும் போகக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கை. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயரும் இருக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கடைசியில் இந்த அறம் சிவனடியார்களான பன்மாகேசுவரர் காவலில் விடப்படும். இதைக் காப்பவர் திருவடி என் தலைமேல் என்று கொடையாளி பணிவார். அவ்வளவுதான். அரசனைப் பற்றி இதில் இருப்பது ஒரே வரி. ஆனால் இப்படிப்பட்ட வரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது, எந்த அரசன் எத்தனை ஆண்டு ஆண்டான், அவன் ஆணை எந்த ஊர்வரை சென்றது, எந்த ஆண்டில் எந்தப் பகுதி கைவிட்டுப் போனது என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

பிற்காலச் சோழருக்கு முந்திய காலத்திலிருந்தும் இரண்டு சான்றுகள் சொல்கிறேன். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார்மலையில், சமணத் துறவியர் தங்கிய குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இளங்கடுங்கோ இளங்கோவாக ஆனபோது செங்காயபன் என்ற துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சொல்ல வந்தது ஒரு கற்படுக்கையைப் பற்றி. ஆனால் கொடுத்தவன் யார் என்று குறிக்கும்போது, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் வரிசையாக வந்துவிடுகிறார்கள். பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபு புலவர் கற்பனை அன்று என்பதற்கு இந்தப் பாறை சாட்சி. மாங்குளம், புகளூர் கல்வெட்டுகளில் சங்ககால அரசர் பெயர்களை ஐராவதம் மகாதேவன் 1965இல் அடையாளம் கண்டு சொன்னபோது, சங்க இலக்கியத்தின் காலம் பற்றிய விவாதமே புதிய தளத்துக்கு நகர்ந்தது.

மற்றொன்று, திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கிடைத்த ஒற்றைவரிக் கல்வெட்டு. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி என்பது அதன் பொருள். அசோகரின் பாறைக் கட்டளைகள் தெற்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என ஒருவரையும் குறிப்பிடுகின்றன. அந்தச் சதியபுத்திரர் யார் என்று நூறு ஆண்டு ஆராய்ந்தார்கள். ஒவ்வோர் அறிஞர் ஒவ்வொரு நாட்டைக் காட்டினார். ஒரு துறவிக்குக் குகை கொடுத்த வரி அந்தக் கேள்விக்கு விடை தந்தது. ஔவை பாடிய அதியமான் மரபே அது.

இனிச் சோழருக்கு வருவோம்.

பிற்காலச் சோழர் கல்வெட்டைப் படிக்கிறவருக்கு முதல் தடை பட்டப்பெயர்தான். ஓர் அரசன் இராசகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி. அதற்கடுத்தவன் மீண்டும் இராசகேசரி. தொடக்ககாலக் கல்வெட்டுகள் பலவற்றில் இயற்பெயரே இல்லை. கோ இராசகேசரிக்கு யாண்டு ஐந்து என்று மட்டும் இருக்கும். எந்த இராசகேசரி? விசயாலயனின் மகன் முதலாம் ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா, இராசராசனா? இங்கேதான் அடைமொழிகள் கைகொடுக்கின்றன. மதுரை கொண்ட கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன். பாண்டியனைச் சுரம் இறக்கினவர் சுந்தர சோழர். வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி அவர் மகன் இரண்டாம் ஆதித்தன், நாம் ஆதித்த கரிகாலன் என்று அழைக்கும் இளவரசன். அடைமொழியும் இல்லாவிட்டால் எழுத்தமைதி, ஒரே அதிகாரியின் பெயர் வேறு எந்தக் கல்வெட்டில் வருகிறது என்ற ஒப்பீடு, வானியல் குறிப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சில கல்வெட்டுகளில் மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். இவை அனைத்தும் ஒன்றுசேரும் நாள் அபூர்வமாகத்தான் வரும். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் இத்தகைய குறிப்புகளைக் கணித்து, இராசராசன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று வரையறுத்தார். அரண்மனைக் குறிப்பேடு ஒன்றுகூட நம் கைக்கு வராத ஒரு மரபின் பட்டமேற்பு நாளை ஒரு மாத எல்லைக்குள் அடக்க முடிந்திருக்கிறது. கொடை கொடுத்த நாளைக் கிழமை, நட்சத்திரத்தோடு எழுதிவைத்த பெயர் தெரியாத கணக்கர்களுக்குத்தான் இந்தப் பெருமை சேர வேண்டும்.

பிறந்தநாளும் இப்படித்தான் தெரியவந்தது. இராசேந்திரன் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. திருவாரூர்க் கல்வெட்டில் தந்தை பிறந்த ஐப்பசிச் சதயத்துக்கும் தான் பிறந்த ஆடித் திருவாதிரைக்கும் விழா எடுக்கும் ஏற்பாடு காணப்பட்ட பிறகு கருத்து மாறியது. இன்று அரசே ஆடித் திருவாதிரையில் விழா நடத்துகிறது.

அரசர்கள் தாங்களே பேசும் இடமும் கல்வெட்டில் உண்டு, அதுதான் மெய்க்கீர்த்தி. தன் எட்டாம் ஆட்சியாண்டு வாக்கில் இராசராசன் இதை வழக்கமாக்கினான். அரசாணையின் தொடக்கத்தில் அரசன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும் அழகிய தமிழ் முன்னுரை அது. நாடெங்கும் ஒரே வாசகம் செல்கிறது. ஒரு சிற்றூரில் இரண்டு மா நிலம் விற்ற பத்திரத்திலும் அது முன்னே நிற்கிறது. வெற்றிகள் கூடக்கூட வரிசையும் நீள்கிறது. ஆகவே எந்த ஆண்டுக் கல்வெட்டில் எந்த நாட்டின் பெயர் முதன்முதலாகச் சேர்கிறது என்று பார்த்தால் படையெடுப்பின் காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஈழமும் இரட்டபாடியும் சேர்ந்தன. ஆட்சியின் இறுதியில், 29ஆம் ஆண்டில், முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும் சேர்ந்தது. எந்த நூலாசிரியரும் நமக்கு இவ்வளவு ஒழுங்கான கால வரிசையைத் தரவில்லை.

ஆனால் மெய்க்கீர்த்தி அரசனின் குரல். அதில் தோல்வி இராது. தோல்வியைப் படிக்க எதிரியின் கல்லுக்குப் போக வேண்டும். இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் எதற்கு? நம் அரசர்களின் பெருமையைப் பேசும் ஆர்வத்தில் அவர்கள் சுவரில் உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு வரலாறு முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். அது வரலாற்றுக்கும் நேர்மை அன்று, அந்த அரசர்களுக்கும் மரியாதை அன்று.

தக்கோலப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு நடந்த அந்தப் போரில் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் மாண்டான். சோழ அரசு நொறுங்கியது. இளவரசன் யானைமேல் அமர்ந்தபடி அம்புபட்டு வீரசுவர்க்கம் அடைந்தான் என்று சோழரின் லெய்டன் செப்பேடு பேசும். அதே போரைப் பற்றி மற்றொரு கல் இருக்கிறது. கருநாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வீரக்கல் அது. எடுக்கப்பட்டது அரசனுக்காக அல்ல, காளி என்ற ஒரு வேட்டைநாய்க்காக. கிருட்டிணனின் மைத்துனன், கங்க மன்னன் பூதுகன். அவனுடைய வீரன் மணலேரன் தக்கோலத்தில் ஆற்றிய வீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அந்த நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு வேட்டையில் காளியும் பெரிய காட்டுப்பன்றியும் மோதி இரண்டும் செத்தன. நாயின் நினைவாகக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சி அந்தக் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும் வழியில்தான், கிருட்டிணன் சோழரோடு பொருதபோது இராசாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்ற செய்தி வருகிறது. அதற்காகப் பூதுகன் பெற்ற நாடுகளின் பெயர்களும் வருகின்றன. சோழ வரலாற்றின் மிகப் பெரிய இழப்புக்கு ஒரு நாயின் நடுகல் சாட்சியாக நிற்கிறது.

அந்தத் தோல்விக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் விளக்குக் கல்வெட்டுகளே சொல்கின்றன. தொண்டை மண்டலத்திலும் திருக்கோவிலூர் வட்டாரத்திலும் தலைப்பு மாறிவிடுகிறது: கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்க்கு யாண்டு இத்தனை. கன்னரதேவர் என்பவர் அந்த மூன்றாம் கிருட்டிணன்தான். கோயிலும் விளக்கும் நெய்யளவும் மாறவில்லை. தலைப்பில் அரசன்தான் மாறுகிறான். எந்த ஊர்வரை அந்தத் தலைப்பு இருக்கிறதோ அந்த ஊர்வரை சோழன் கை தளர்ந்தது என்று வரைபடத்தில் கோடு இழுத்துவிடலாம்.

பாண்டிய நாட்டிலும் இதே கதை. வீரபாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவனைச் சோழன் தலைகொண்டவன் என்கின்றன. சோழநாட்டுச் சுவரோ வீரபாண்டியன் தலைகொண்டவன் ஆதித்தன் என்கிறது. வீரபாண்டியன் கொண்டது எந்தச் சோழனின் தலை என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பின்னாளில் சாளுக்கியரோடும் இப்படியே. முதலாம் இராசாதிராசன் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை, அந்தச் செய்தி பொறித்த பீடத்தோடு தாராசுரத்தில் கிடைத்தது. தஞ்சைக் கலைக்கூடத்தில் பார்க்கலாம். அதே அரசன் 1054இல் கொப்பத்தில் யானைமேல் மாண்டான். கருநாடகத்துக் கவர்வாடில் 1071ஆம் ஆண்டளவில் எழுந்த கல்வெட்டு, சமணக் கோயில்களை அழித்த சோழன் தலையை இழந்தான் என்று கடுமையாகப் பேசுகிறது. இரண்டு கல்லையும் சேர்த்து வாசிக்க நமக்கு மனத்துணிவு வேண்டும்.

அரசர் எங்கே, எப்படி இறந்தார் என்பதைச் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் விதம் தனி. ஒருவரைப் பெயர் சொல்லாமல், மறைந்த இடத்தால் குறிப்பார்கள். தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் முதலாம் ஆதித்தன். ஆற்றூர்த் துஞ்சின தேவர் அரிஞ்சயன். தன் பாட்டனான இவனுக்காக இராசராசன் மேல்பாடியில் எடுத்த நினைவுக் கோயிலான பள்ளிப்படைதான் அரிஞ்சிகை ஈசுவரம். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் சுந்தர சோழர். யானைமேல் துஞ்சினவர் இராசாதித்தன். கண்டராதித்தனுக்கு மட்டும் மேற்கெழுந்தருளின தேவர் என்ற வழக்கு. இறந்த இடம் என்பது குடும்பத்தாருக்கு முக்கியம். நமக்கோ அதுவே வம்சாவளியை ஒழுங்குபடுத்தும் திறவுகோல்.

இந்த வரிசையில் ஆதித்த கரிகாலனின் முடிவு மட்டும் வேறு வகையில் தெரியவந்தது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், கோ இராசகேசரியின் இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசனுடையது என்று பெரும்பாலோர் கொள்வர். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஓலை அதில் இடம்பெறுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரை அந்த ஓலை குறிப்பிடுகிறது. இவர்களின் உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்தார், பெண் எடுத்தார் ஆகியோரின் உடைமைகளைக் கைக்கொண்டு விற்க வேண்டும் என்பது ஆணை. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் விலைகொண்டு அறம் வைத்தார். அந்த அறத்துக்கான பத்திரம்தான் இந்தக் கல்வெட்டு. கொலையைப் பதிவுசெய்ய எழுந்த கல் இதுவன்று. நிலம் எப்படிக் கைமாறியது என்று சொல்லவேண்டிய கட்டாயத்தில்தான் ஓர் இளவரசனின் கொலையை அது சொல்கிறது. அந்த நிலத்தை யாரும் அறத்துக்கு வாங்கியிருக்காவிட்டால் கொலையாளிகளின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

கல்கியின் பொன்னியின் செல்வன் இதைத் தமிழ் வீடுகள்தோறும் கொண்டுசேர்த்தது. அதனாலேயே இங்கே எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கொலை நடந்தது 970 வாக்கில். கல்வெட்டோ ஏறத்தாழ 987. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். உத்தமர் அரியணையை விரும்பினார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதையும் இதையும் சேர்த்து, உத்தமர்மீது ஐயம் படும்படி எழுதினார் நீலகண்ட சாத்திரியார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமர் குற்றத்தில் பங்குகொண்டிருந்தால், அவர் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் கோயில் ஆய்வுப் பொறுப்பில் உயர்த்தி வைத்திருப்பானா என்ற கேள்வி வலுவானது. கொலையாளிகளில் ஒருவன் பட்டம் பாண்டியரை நினைவூட்டுகிறது, இன்னொருவன் பட்டம் சோழரே கொடுத்தது போல் இருக்கிறது. பாண்டியர் பழிவாங்கல் என்பதற்கும் அரண்மனைச் சதி என்பதற்கும் இவற்றையே சான்றாகக் காட்டலாம். யார் தூண்டினார் என்று கல் சொல்லவில்லை. கல் சொல்லாத ஒன்றை மேடையில் தீர்ப்பாகச் சொல்வது தவறு. உத்தம சோழரைக் குற்றவாளியாக்கப் போதிய சான்று இல்லை என்பதே என் முடிவு.

அரச மரபு என்றாலே ஆண்களின் வரிசை என்று பழகிவிட்டோம். கல்வெட்டோ பெண்களை மறைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்தவற்றோடு அக்கன் குந்தவையும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். குந்தவை அங்கே தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்திருக்கிறார். கோயிலைச் சுற்றிய தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே இருக்கின்றன. பேரரசின் வழிகளையும் ஊர்களையும் அறிய இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

செய்யாற்றுக்கு அருகே பிரமதேசத்தில் உள்ள ஒரு கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இராசாதிராசனின் 26ஆம் ஆண்டு, அதாவது 1044ஐ ஒட்டியது. கங்கை கொண்ட சோழன் இராசேந்திரன் மறைந்தபோது அவனோடு தேவியார் வீரமாதேவி தீப்புகுந்தார். அவருடைய உடன்பிறந்தானான சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான், தன் சகோதரியின் தாகம் தீரத் தண்ணீர்ப் பந்தல் அமைத்துக் கொடை வைத்தான். கடாரம் வரை கப்பல் செலுத்திய பேரரசனின் மறைவைப் பற்றி அந்தக் கல்வெட்டு நமக்குத் தருவது, தீயில் எரிந்த ஒரு பெண்ணின் தாகத்தை எண்ணிய உடன்பிறந்த பாசம். வரலாற்றாளருக்கு இன்னொன்றும் அதில் கிடைக்கிறது. தந்தை இறந்த ஆண்டு மகன் இராசாதிராசனின் 26ஆம் ஆண்டாக இருக்கிறதென்றால், தந்தை உயிரோடு இருக்கும்போதே 1018இல் மகனுக்கு முடிசூட்டியாகிவிட்டது. இராசராசனும் 1012இல் இராசேந்திரனை இவ்வாறே தன்னோடு அமர்த்திக்கொண்டான். வாரிசுப் பூசலைத் தடுக்கச் சோழர் கண்ட இந்த முறை நூல்களில் விளக்கப்படவில்லை. ஆட்சியாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கணக்குப் பார்த்தபோது வெளிப்பட்டது.

மரபின் வீழ்ச்சியும் கல்லில்தான் இருக்கிறது. கடலூருக்கு அருகே திருவயிந்திபுரத்தில், 1231ஐ ஒட்டிய கல்வெட்டு. தேதி மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டுப்படி. செய்தியோ, அந்த இராசராசனையே காடவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்திருந்தான், போசள மன்னன் நரசிம்மனின் தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பயனும் படையோடு வந்து, வழிநெடுக ஊர்களை அழித்து, சோழனை மீட்டு மீண்டும் அமர்த்தினார்கள் என்பது. முந்நூறு ஆண்டுக்கு முன் கன்னரதேவனிடம் தோற்றபோதுகூட இவ்வளவு சிறுமை நேரவில்லை. சோழநாட்டுக் கோயில் சுவரிலேயே, சோழன் பெயரால் தேதியிட்டு, சோழனைப் பிறர் காப்பாற்றிய கதை வெட்டப்பட்டிருக்கிறது. 1279க்குப் பின் சோழப் பெயரால் தேதியிட்ட கல்வெட்டு இல்லை. ஊர்ச் சபையார் வழக்கம்போல் விளக்கு வைத்தார்கள். தலைப்பில் பாண்டியர் வந்துவிட்டார்கள்.

இவ்வளவும் நமக்குக் கிடைத்தது உழைப்பால். 1886இல் அறிஞர் ஹுல்ட்சு அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்தார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வந்தது. வெங்கையா முதலான நம்மவர்கள் கோயில் கோயிலாகப் போய் மைப்படி எடுத்தார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று மாணவர்கள் ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கல்லை நீர் ஊற்றித் தூரிகையால் தேய்த்துச் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவுவார்கள். நனைத்த தாளை ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் தடவி, கட்டைத் தூரிகையால் மெல்ல மெல்ல அடிக்க, தாள் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். ஈரம் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த ஒற்றியால் ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. கருப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகப் பராந்தகன் காலத்துக் கணக்கர் எழுதியது அப்படியே எழுந்து வரும். தாளை உரித்து மடித்தால் கையில் ஓர் ஊரின் ஆவணம். இப்படி எடுத்த படிகளைக் கொண்டுதான், நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் தொகுத்து 1978இல் வெளியிட்டார்கள். அரசனை மட்டும் தேடிய ஆய்வு, அதிகாரியையும் நிலக்கிழாரையும் உழுகுடியையும் தேடத் தொடங்கியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அதற்கு முன் இரண்டு கல்வெட்டுகள்.

கொள்ளிடக் கரையில் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராசராசன் தன் 28ஆம் ஆண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் ஏற்றிவைக்கச் சொன்னான். பணி முடிவதற்குள் அவன் மறைந்தான். இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய ஆவணங்கள் அனைத்தும் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஏற்பாடு செய்தவன் போனான், அரசு மாறியது, இடையில் 13 ஆண்டுகள். ஆனால் வேலை நின்றுபோகவில்லை.

மற்றொன்று திருக்கோடிகாவல். கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாக்கினார். இடிபாட்டில் அங்குமிங்கும் கிடந்த கற்களில் பல்லவர், பாண்டியர், முற்சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருந்தன. அவை எல்லாமே தன் குலத்தாரின் புகழ் அல்ல. சில, தன் குலம் வென்று வீழ்த்திய குலங்களுடையவை. ஆனாலும் ஒன்றைக்கூட விடாமல் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். இதுவும் ஒரு பழங்கற்படி என்று குறிப்பும் சேர்த்தார். பல்லவர் ஆவணங்கள் பல இன்று நம் கையில் இருப்பது ஒரு சோழ அரசியின் நேர்மையால்.

நம் காலத்துத் திருப்பணிகளை இந்த இரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அழுக்கு நீக்குவதாக மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்த்து அழித்த சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தின்மேல் எனாமல் வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதிட்டானத்து வரிகளைப் புதைத்துத் தரையோடு பதித்திருக்கிறார்கள். கல்வெட்டுத் தூண் படிக்கட்டாகக் கிடக்கிறது. இவற்றைச் செய்தவர்கள் பக்தர்கள். கெட்ட எண்ணம் அவர்களுக்கு இல்லை. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

மாணவர்களே, பழந்தமிழ் எழுத்தையும் கிரந்தத்தையும் வட்டெழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்; ஆர்வத்தோடு உட்கார்ந்தால் சில மாதங்களில் கை வந்துவிடும். உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய், கருவறைச் சுவரிலும் அதிட்டானத்திலும் வாயில் நிலைகளிலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பகல் வெளிச்சம் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ படம் எடுத்து, ஊர்ப் பெயரும் இடமும் குறித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அறங்காவலர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: திருப்பணிக்கு நாள் குறிக்கும் முன்னர், ஒரு கல்லையும் பெயர்க்கும் முன்னர், கல்வெட்டாய்வாளரை அழைத்துப் படியெடுக்கச் சொல்லுங்கள்.